பரிசல் ஓட்டும் முறை

பாலம் அமையாத ஆற்றுக்கு ஓடமே பாலம். பாறைகள் மலிந்த காவிரியில் அவ்வோடம் பரிசல் என்னும் வட்ட வடிவம் கொண்டது. அதன் இயல்பையும், அதில் ஏறுவோர் அறிய வேண்டுவனவற்றையும் ஈண்டுக் காண்போம்.

காவிரி தமிழ்நாட்டினுள் புகும் இடம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல். ஆறு பல கிளைகளாய்ப் பிரிந்து வீழ, நீர்த்திவலை புகைபோல் எழும். கன்னடத்தில் 'புகையும் கல்' எனப் பொருள்படும் பெயர் இதனாலேயே அமைந்தது. உயர்ந்த பாறைச் சுவர்களினிடையே பரிசலிற் சென்றோர் அக்காட்சியை எளிதில் மறவார். எனினும் பரிசல் வேடிக்கைக்கென்று மட்டும் தோன்றியதன்று. கரையோர மக்களுக்கு அது வழியும் தொழிலுமாகும். 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர் இன்றும் பரிசலேறி மீன் பிடிக்கின்றனர்.

மூங்கிலைப் பிளந்து, கூடை முடைவதுபோல் பரிசலை முடைவர். முன்னாளில் அதன் வெளிப்புறத்தைத் தோலால் மூடினர். இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பயன்படுகின்றன. அடி தட்டையாதலின் ஆழங்குறைந்த நீரிலும் மிதக்கும். மூங்கில் வளைந்து கொடுப்பதால் பாறையில் உரசினும் எளிதிற் பிளவாது.

வட்டமான பரிசலுக்கு முன் பின் என்பதில்லை. ஆதலின் ஒரு பக்கமே துடுப்பு வலித்தால் அது சுழலுமேயன்றி முன்னேறாது. ஓட்டுபவர் செல்லும் திசை நோக்கி விளிம்பருகே அமர்ந்து, துடுப்பை முன்னே ஆழ்த்தித் தம்மை நோக்கி நீரை இழுக்க வேண்டும். வலமும் இடமுமாகத் துடுப்பை மாற்றிப் போட்டால் பரிசல் நேரே செல்லும். இப்பழக்கத்தை முதலில் ஓட்டமில்லாத நீரிலேயே கற்றல் நன்று.

ஏறுவோர் விளிம்பை மிதியாது நடுவில் கால்வைத்து ஏறுக. எடை ஒருபுறம் சாயாவண்ணம் சுற்றிலும் சமமாக அமர்க. இடையில் எழுந்து நிற்கலாகாது. நீந்தத் தெரிந்தவரும் மிதவை அங்கி அணிதல் வேண்டும். சுழலிலும் பாறையிலும் நீச்சல் மட்டும் போதாது. அளவுக்கு மிஞ்சி ஆளேற்றுவது அனைவரின் உயிருக்கும் கேடு.

மேலே அணை திறந்தால், இங்கு மழையின்றியே வெள்ளம் வரும். அக்காலத்தில் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கின்றனர். ஓட்டுபவருக்கு அது கூலியிழந்த நாளே என்பதை நாம் அறிவோம். ஆயின் இழந்த கூலியை வெள்ளம் வடிந்தபின் ஈட்டலாம். இழந்த உயிரை ஈட்டவியலாது. ஆகவே தடை நாளில் 'ஒருமுறை மட்டும்' என்று அவரை வற்புறுத்தாதிருத்தல் பயணிகளாகிய நம் கடமையன்றோ?