கடல் கடந்து செல்லும் உணவுச் சரக்கு: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

கடல் கடந்து வியாபாரம் செய்வது நம்மவர்களுக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கடை வைத்தவர்கள். அவர்களுடைய சரக்கு அவர்களோடு கூடவே வந்தது. இன்றோ சரக்கு ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டுத் தனியே போகிறது. பூட்டு விழுந்தபின் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆகையால் செய்யவேண்டியதை எல்லாம் பூட்டு விழுமுன்னரே செய்துவிட வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

ஏட்டில் படித்ததை மட்டும் வைத்து இதை நாம் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஜித்தாவிலுள்ள ஒரு வியாபாரிக்கு பிஸ்கட்டும் கறி மசாலாத் தூளுமாக 300 அட்டைப்பெட்டிகள் அனுப்பினோம். அங்கே கதவைத் திறந்தபோது மேலடுக்கில் 60 பெட்டிகள் நனைந்து, அட்டை ஊறி, கீழடுக்கின்மேல் சரிந்து கிடந்தன. மழையும் பெய்யவில்லை, கடல்நீரும் புகவில்லை. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தோம். அதுவும் கை கொடுக்கவில்லை. அந்த நஷ்டம் கற்றுத்தந்ததை நம் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்வது நமது கடமை.

1. சரக்கின் ஆயுளை முதலில் கணக்கிடுக

கெடாத சரக்குத்தானே என்று எண்ணவேண்டாம். தகர டப்பாவுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஓராண்டு ஆயுளுள்ள பிஸ்கட் ஆலையிலிருந்து நம் கிடங்குக்கு வரும்போதே ஒரு மாதம் போய்விடும். கட்டி முடித்துக் கப்பலுக்குக் காத்திருக்க அரை மாதம். வழியில் வேறு கப்பலுக்கு மாற்றி, போய்ச்சேர்ந்து, சுங்கம் கடக்க ஒன்றரை மாதம். ஆக மூன்று மாதம் கடலிலும் கரையிலும் கழிந்துவிடும். ஆறு மாத ஆயுளுள்ள பண்டமாயின் பாதி தீர்ந்தது. மிச்சம் எவ்வளவு இருந்தால் ஏற்றுக்கொள்வார் என்று வாங்குகிறவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, அதன்பின் ஆலைக்கு ஆர்டர் கொடுக்கவேண்டும்.

2. கூலி எடைக்கா, இடத்துக்கா?

பெட்டி முழுவதும் நம்முடையதாக இல்லாமல் பிறரோடு பங்கிட்டு அனுப்பினால், ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு அல்லது 1000 கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி வாங்குவார்கள். நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டருள்ள பெட்டி 100 என்றால் 3 கன மீட்டர். பெட்டிக்கு 8 கிலோ வீதம் எடை 800 கிலோதான். ஆனாலும் கூலி 3 அளவுக்கு. பெட்டிக்குள் காற்றை அடைத்து அனுப்பினால் காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம்!

பங்குப் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்தில் ரப்பரோ சோப்போ அத்தரோ ஏறினால் அதன் வாடை நம் பிஸ்கட்டில் ஏறிவிடும். உணவுச் சரக்கு என்பதை முன்னதாகவே சொல்லி, உடன் ஏறுவது என்னவென்று கேட்பதில் வெட்கமில்லை. 20 அடிப் பெட்டி ஏறக்குறைய 33 கன மீட்டர் கொள்ளும். நம்மவர் இருவர் மூவர் சேர்ந்தால் அதனை நிரப்பிவிடலாம்.

3. வெயிலும் வியர்வையும்

நம் 60 பெட்டிகளைக் கெடுத்தது இதுதான். கப்பலின் மேல்தளத்தில் வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். அப்போது மரப்பலகையிலும் அட்டையிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. இரவில் இரும்புக்கூரை குளிர, அந்த ஆவி நீர்த்துளியாகிச் சொட்டுகிறது. ஈரம் ஏறிய அட்டை தன் பலத்தில் பாதியைக்கூட இழந்துவிடும். அதன்பின் அடுக்கு சரியும். நாம் வாங்கிய பலகைகள் மலிவானவை, சரியாகக் காயாதவை.

ஆகையால்:

காலிப் பெட்டி வந்ததும் உள்ளே ஒருவர் நிற்க, கதவை மூடுங்கள். எங்கேனும் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை உண்டு, திருப்பி அனுப்புங்கள். வாடை அடித்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

பலகை நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். அதில் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற முத்திரை வேண்டும். மரத்தின் உட்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அல்லது அங்கீகரித்த வேறு முறையில், பூச்சி நீக்கியதற்கு அது அடையாளம். முத்திரை இல்லாவிட்டால் பல நாட்டுத் துறைமுகங்களில் சரக்கு நின்றுவிடும்.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, மேலடுக்கைத் தடித்த காகிதத்தால் மூடுங்கள்.

பெட்டிமேல் பெட்டி, மூலைமேல் மூலை வருமாறு அடுக்குங்கள். அட்டைப்பெட்டியின் பலம் மூலையில்தான்.

4. காகிதமும் சரக்கே

பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் பத்திரம் வழக்கமாக மூன்று அசல் பிரதிகள் கொண்டது. அவற்றுள் ஒன்றைக் காட்டினாலே சரக்கை எடுத்துவிடலாம். மற்ற இரண்டும் அப்போதே செல்லாதவையாகும். பழகியவராயிற்றே என்று பணம் வருமுன் ஒரு பிரதியை அனுப்பிவிட்டு அழுதவர்கள் உண்டு. பாங்கி மூலம் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் விற்றால், அசல் பத்திரங்களைக் கப்பலேற்றிய 21 நாட்களுக்குள் கொடுப்பது பொது விதி. சரக்கின் விவரமோ அளவோ ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பாங்கி பணத்தை நிறுத்தலாம்.

சவூதிக்கு அனுப்பும் பண்டத்தில் அரபி எழுத்தில் விவரம் வேண்டும். ஹலால் சான்றிதழும் போய்ச்சேரும் நாடு ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் கொடுத்ததாக இருக்கவேண்டும். நம் கடைச்சுவரில் தொங்கும் சான்றிதழ் கப்பலேறாது.

5. இன்ஷூரன்ஸில் எழுதியிருப்பது என்ன?

சி.ஐ.எஃப். என்று விலை பேசினால், கூலியோடு இன்ஷூரன்ஸும் விற்பவர் பொறுப்பு. ஆனால் 2020 ஆம் ஆண்டு இன்கோடெர்ம்ஸ் விதிப்படி அதற்குக் குறைந்த அளவான ‘சி’ வகையே போதும். ‘சி’ வகை, கப்பல் மூழ்குதல், தீப்பிடித்தல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கே ஈடு தரும். பெட்டிக்குள் சொட்டிய நீருக்கும் திருட்டுக்கும் தராது. நாம் எடுத்திருந்தது அதுவே. கொஞ்சம் கூடக் கொடுத்து ‘ஏ’ வகை எடுத்திருந்தால் கேட்கவாவது இடமிருந்திருக்கும். ஆயினும் கட்டுமானம் போதாமல் கெட்டால் ‘ஏ’ வகையும் கைவிடும். கப்பல் தாமதித்து, தேதி முடிந்தாலும் அப்படியே. 2023 ஆம் ஆண்டு இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதை மறக்கவேண்டாம்.

மற்றொன்று: 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ சிக்கியபோது, கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தரவேண்டும் என்று கப்பல் உடைமையாளர்கள் அறிவித்தார்கள். கடல் வியாபாரத்தில் இது பழைய சட்டம். இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்தப் பங்கை அது ஏற்கும். இல்லாதவர் ஈடு கட்டினால்தான் சரக்கு கிடைக்கும்.

முடிவாக ஒரு சொல். அந்த 60 பெட்டிகளின் விலையை ஜித்தா வியாபாரிக்கு நாமே கழித்துக் கொடுத்தோம். பத்திரத்தில் வாதாட இடமிருந்தது. ஆனால் பலகை நம்முடையது, அடுக்கியவர்களும் நம் ஆட்கள். இரண்டு ஆண்டு லாபம் அதில் போயிற்று. அவர் இன்றும் நம்மிடமே வாங்குகிறார். முதன்முறை அனுப்ப எண்ணும் சகோதரர்கள், இழந்தாலும் கடை நடக்கும் அளவுக்கே முதலில் அனுப்புக. நல்லபடி போய்ச் சேர்ந்தபின் பெருக்கிக்கொள்ளலாம்.