ஹக்கா நூடுல்ஸ்: கரண்டியைக் கவனியுங்கள்

"பிள்ளைக்கு நூடுல்ஸ் கொடுக்கலாமா மேடம்?" என்னிடம் ஆலோசனைக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே குரலில் ஒரு குற்ற உணர்வு தெரியும். கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கூடவே, எத்தனை கரண்டி எண்ணெய், எவ்வளவு சாஸ், காய் எவ்வளவு என்று கேட்டுவிடுவேன். பலருக்கும் பதில் தெரிவதில்லை. அதனால் இந்த வாரம் ஒரு தட்டு வெஜ் ஹக்கா நூடுல்ஸை எடுத்துவைத்து முழுக் கணக்கையும் போட்டுவிடலாம்.

ஹக்கா என்பது தென் சீனத்தைப் பூர்விகமாகக் கொண்ட மக்களின் பெயர். அவர்களில் பலர் கொல்கத்தாவில் குடியேறினார்கள். டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்தார்கள், உணவகங்களும் நடத்தினார்கள். சீனர்கள் இங்கே நம் நாக்குக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்த அந்தச் சமையல்தான் இன்று நம் ஊர் பாஸ்ட் ஃபுட் கடை வரைக்கும் வந்திருக்கிறது. சீனாவில் நூடுல்ஸைப் பெரும்பாலும் சூப்பில் போட்டுச் சாப்பிடுவார்கள், வறுத்தும் சாப்பிடுவார்கள். நம்மிடம் வறுத்தது மட்டும் நிலைத்துவிட்டது. நம் கணக்கில் எண்ணெய் பெரிதாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் நூடுல்ஸ். உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் 100 கிராமில் சுமார் 350 கலோரி, 70 கிராமுக்குக் கொஞ்சம் மேலே மாவுச்சத்து, 11 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். கொழுப்பு 1 அல்லது 2 கிராம்தான். மைதாவில் செய்தது என்பதால் நார்ச்சத்து குறைவு. தவிடும் முளையும் நீக்கப்பட்ட மாவு அது, பரோட்டாவுக்குப் பிசைகிற அதே மாவு. ஆனாலும் நூடுல்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மாவை அழுத்தி இறுக்கமாகச் செய்வதால், அதே மைதாவில் செய்த ரொட்டியைவிட இது மெதுவாகச் செரிக்கிறது. குழைய வேகவைத்தால் அந்த நன்மை குறைந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில், நடுவில் லேசாகக் கடிபடும் பதத்திலேயே இறக்கி வடித்துவிடுங்கள்.

அடுத்து எண்ணெய். கடையில் இது இரண்டு தடவை ஊற்றப்படுகிறது. காலையில் மொத்தமாக வேகவைத்து வடித்த நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க ஒரு தடவை, மாலையில் சட்டி பழுக்கக் காய்ந்ததும் இன்னொரு தடவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. எந்த எண்ணெயாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. இரண்டு தடவையும் சேர்த்து ஒரு தட்டுக்கு மூன்று மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மட்டும் 360 கலோரி. ஒரு தட்டுக்கு 100 கிராம் நூடுல்ஸ் என்றால், அதற்கு நிகரான கலோரியை எண்ணெயே கொடுத்துவிடுகிறது! முட்டைகோஸ், கேரட், குடைமிளகாய் எல்லாம் சேர்ந்தாலும் பல தட்டுகளில் ஒரு கைப்பிடிக்கு மேல் வருவதில்லை. ஆக மொத்தம் 700 கலோரியைத் தாண்டும். புரதமோ ஏறக்குறைய 12 கிராம்தான். கடைக்குக் கடை அளவு மாறும், ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

எனக்கு அதிகம் கவலை தருவது உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதோடு அரைத் தேக்கரண்டி உப்பும் விழுந்தால் அந்த ஒரு தட்டிலேயே நாள் முழுவதற்குமான அளவு முடிந்துவிடும். சில்லி சாஸும் தக்காளி சாஸும் இதற்கு மேலே. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர்கள் நூடுல்ஸைக் கண்டு பயப்படுவதைவிட அந்தக் கறுப்புப் பாட்டிலைக் கண்டு பயப்படுவது நல்லது.

இங்கே எல்லோரும் அஜினமோட்டோவைப் பற்றிக் கேட்பார்கள். மோனோ சோடியம் குளுட்டமேட்டின் வணிகப் பெயர் அது. ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கெடா 1908-இல் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூடக் குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. சாதாரண உப்பில் சுமார் 39 சதவீதம் சோடியம் என்றால் அஜினமோட்டோவில் 12 சதவீதம்தான். வழக்கமாகச் சமையலில் சேர்க்கும் அளவு பெரும்பாலானவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. சாப்பிட்டதும் தலைவலி வருகிறது என்பவர்கள் தவிர்த்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் இந்தப் பயத்தை உப்பின் பக்கம் திருப்பினால் பலன் உண்டு.

வீட்டில் செய்வதற்கு ஒருவருக்கான அளவு சொல்கிறேன். உலர்ந்த நூடுல்ஸ் 60 கிராம் போதும். வேகவைத்து வடித்ததும் எண்ணெய் விடாமல் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போய்விடும், உதிரியாக நிற்கும். காய் 150 கிராம், அதாவது நறுக்கியது இரண்டு கைப்பிடி நிறைய. வெங்காயத்தாளைக் கடைசியில் தூவுங்கள். எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அளந்து விடுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் அளவு தவறிவிடும். ஒரு முட்டை உடைத்துக் கிளறுங்கள், கூடவே ஊறவைத்துப் பிழிந்த மீல் மேக்கர் கொஞ்சம். உலர்ந்த நிலையில் 10 கிராம் எடுத்தாலே 5 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் மீல் மேக்கரை 20 கிராமாக்கிக்கொள்ளலாம். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் ஒரு சிட்டிகை உப்பு. காரத்துக்கு மிளகு, மணத்துக்குப் பூண்டும் இஞ்சியும், இறக்கும்போது சில சொட்டு வினிகர். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது.

இந்தத் தட்டில் சுமார் 450 கலோரி, 20 கிராம் புரதம். வயிறும் நிறையும். காயை அதிக சூட்டில் சீக்கிரமாக வதக்கி எடுப்பதால் வைட்டமின் சி-யும் அதிகம் வீணாகாது. கேரட்டின் சத்து உடலில் சேர இந்தக் கொஞ்சம் எண்ணெயே போதும்.

கடையில் பாக்கெட் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் கொழுப்பு 1, 2 கிராம் என்றிருந்தால் ஆவியில் வேகவைத்து உலர்த்தியது. 15 கிராமுக்கு மேல் என்றால் எண்ணெயில் பொரித்து உலர்த்தியது. இரண்டு நிமிட நூடுல்ஸில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் ரகம், பொரிப்பது பாமாயிலில். முன்பக்கம் கோதுமை, சிறுதானியம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியலில் அளவு அதிகமானதுதான் முதலில் வரும். அங்கே முதலில் மைதா இருந்தால் அது மைதா நூடுல்ஸ்தான். கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி நூடுல்ஸுக்கு மாறினாலும் சோயா சாஸைக் கவனிக்க வேண்டும், பல வகைகளில் கோதுமை சேர்த்திருப்பார்கள். உப்பைக் குறைக்க நினைத்தாலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும்.

வெளியே சாப்பிடும் நாளும் வரும், வரட்டும். ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள், ஒரு முட்டை ஆம்லெட் தனியாகக் கேளுங்கள். மேசையில் இருக்கும் சாஸை மேலே ஊற்றாதீர்கள். "அண்ணே, எண்ணெயும் உப்பும் கம்மியா, கோஸ் கூடப் போடுங்க" என்று சொன்னால், கண்ணெதிரே கிளறிக் கொடுக்கும் கடைக்காரர் பெரும்பாலும் மறுப்பதில்லை. அன்றைக்கு மற்ற வேளைகளில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேண்டாம்.