பட்டம் பெறாத ஆய்வேடு

பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் பைண்டு செய்த பழைய ஆய்வேடுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று அன்னா மணி அம்மையார் எழுதியது. பார்வைக்கு மற்றவற்றிலிருந்து அதற்கு வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏட்டிற்கு டாக்டர் பட்டம் வழங்கப்படவில்லை. அது ஏன் என்பதையும், பட்டமின்றி அவர் செய்த பணிகளையும் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் படித்தறிந்த அளவில் எழுதுகிறோம்.

அன்னா மணி 1918 ஆகஸ்டு 23-ஆம் நாள் திருவிதாங்கூரிலுள்ள பீருமேட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டாராம். (எங்களில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்போம் என்பது சந்தேகமே!) சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

வேண்டாமென்ற வைரமே அங்கே ஆராய்ச்சிப் பொருளாக வந்து சேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அவர் ஆராய்ந்தார். ஒளி பட்டதும் வைரம் எந்த நிறங்களை உமிழ்கிறது, எவற்றை உறிஞ்சுகிறது என்பதைப் புகைப்படத் தகட்டில் நிறமாலையாகப் பதிய வேண்டும். அந்த ஒளி மிக மங்கலானது. ஆகவே ஒரு தகட்டிற்கே பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் அவர் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். கருவியைக் கையாளும்போது ஒரு பெண் சிறு தவறு செய்தாலும், பெண்களுக்கே இது வராது என்று பேசிய காலம் அது. அப்படிப்பட்ட இடத்தில் 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகளைத் தனி ஒருவராக எழுதி வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அந்நாளில் பட்டம் வழங்கும் உரிமை அறிவியல் நிலையத்திற்கு இல்லை. பல்கலைக்கழகமோ, எம்.எஸ்ஸி. படிக்காதவருக்கு டாக்டர் பட்டம் இல்லை என்று கூறிவிட்டது. ஆனர்ஸ் பட்டமும் ஆராய்ச்சி உதவித்தொகையும் கணக்கில் வரவில்லை. இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றனர் சிலர். ஏட்டின் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வெளியே இருக்கும் சான்றிதழைப் பார்ப்பது என்ன நீதி என்பது எங்களில் பெரும்பாலோர் கருத்து. அம்மையாரோ, பட்டம் இல்லாததால் தமக்குக் குறை ஒன்றும் வந்துவிடவில்லை என்றே பிற்காலத்தில் கூறிவந்தார்.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். இயற்பியலைத் தொடர விரும்பியவருக்குக் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிதான். இப்படித்தான் வைரத்தை விட்டுப் புவி இயற்பியலுக்கு வந்தார். புவி இயற்பியல் என்றதும் நிலநடுக்கமும் பாறையும்தான் நினைவுக்கு வரும். பூமியைச் சூழ்ந்துள்ள காற்றும் அதன்மீது விழும் வெயிலும் அதில் அடக்கம்.

நம் ஆரணிக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவு நீட்டுகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது வானத்தைத்தான். ஒரு தூறல் விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும். ஆனால் அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது; எவ்வளவு என்று அளக்கவும் வேண்டுமல்லவா?

1948-இல் தாயகம் திரும்பிப் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு அளவு வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். 1953-இல் அவர் தலைமையில் 121 ஆண்கள் பணிபுரிந்தனர்! தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு கருவியும் சரிபார்க்கப்பட்ட பிறகே வெளியே செல்லும்.

1957-58-இல் உலக நாடுகள் பல சேர்ந்து பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டைக் கொண்டாடின. அப்போது சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். பின்பு ஓசோனை அளக்கும் பலூன் கருவியை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பலூனோடு மேலே செல்லும் கருவி, காற்றைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும். காற்றிலுள்ள ஓசோன் அதிலிருந்து அயோடினைப் பிரிக்கும். அப்போது உண்டாகும் மிகச் சிறு மின்னோட்டமே ஓசோனின் அளவைக் காட்டும். வேதியியல் வகுப்பில் படித்தது வானத்தில் போய் வேலை செய்கிறது!

இவ்வாறு நாள்தோறும் குறித்த எண்களால் என்ன பயன் என்று கேட்கலாம். அண்டார்டிகாவில் ஹாலி என்னும் ஆங்கிலேயர் நிலையத்தில் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டியே ஓசோனை அளக்கத் தொடங்கினர். பல ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அங்கு வசந்த காலத்தில் ஓசோன் படலம் மெலிந்து வருவது 1985-இல் உலகிற்குத் தெரிந்தது. பழைய தாள்களை யாரேனும் எடைக்குப் போட்டிருந்தால்?

1976-இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்று, மூன்றாண்டுகள் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலேயே வருகைப் பேராசிரியராக இருந்தார். நாடெங்கும் அளந்த வெயிலின் கணக்கை 1980-இலும் 1981-இலும் இரு பெரிய நூல்களாக வெளியிட்டார். பிறகு, காற்றாலைகளுக்கு ஏற்ற இடங்களைக் கண்டறியக் காற்றின் வேகத்தை ஊர் ஊராக அளக்கும் பணியையும் நடத்தினார். 2001 ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். அந்த இரு நூல்களின் அட்டையிலும் அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்ற சொல் இருக்க வழியில்லை. சூரிய மின்தகடு அமைக்கும் பொறியாளர்கள் நாடியது உள்ளே இருந்த அட்டவணைகளைத்தான்.