நிலவின் தரையில் எடுத்த முதல் படம்

கேள்வி: நிலவின் தரையிலிருந்து வந்த முதல் படம் உலகத்தாரின் பார்வைக்கு எப்படி வந்தது?

பதில்: சோவியத் ஒன்றியத்தின் லூனா 9 கலம் 1966 பிப்ரவரி 3 அன்று நிலவில் மெதுவாக இறங்கியது. அது அனுப்பிய சமிக்ஞைகளை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியும் பிடித்தது. அக்கால நாளிதழ்கள் புகைப்படம் அனுப்பிய அதே முறையில் அவை இருப்பதை அங்கிருந்தோர் கண்டுகொண்டனர். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழ் அதற்கான கருவியை உடனே கொடுத்துதவ, மாஸ்கோ வெளியிடும் முன்பே படம் அச்சேறியது. அகல அளவு சரியாகத் தெரியாததால் பாறைகள் உள்ளதைவிடச் செங்குத்தாகத் தோன்றின. படம் இப்படி முந்தி வெளியானதில் சோவியத் தரப்புக்கு ஏற்பட்ட மனக்கசப்பில் நியாயம் உண்டு. ஆனால் படம் சொன்ன செய்தியே பெரிது. நிலவில் ஆழமான தூசி கலங்களை விழுங்கிவிடலாம் என்ற அச்சம் அப்போது இருந்தது. படத்திலோ கற்கள் தரைமேலேயே கிடந்தன, கலமும் புதையவில்லை.