சோலார் டெலஸ்கோப்: லென்ஸ் கோட்டிங் கெட்டால் வாரண்டி கேட்பது எப்படி?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை சுமார் 30 கி.மீ. ஞாயிறு காலைகளில் என் சோலார் டெலஸ்கோப்பை அங்கே எடுத்துச் சென்று, சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் படம் பிடிப்பது என் வழக்கம். வாங்கிய பதினான்காவது மாதத்தில், படங்களில் ஒரு மங்கலான திட்டு தெரிந்தது. வாரண்டி இரண்டு வருடம். விற்ற கடையில் கேட்டபோது, "கடற்காற்று பட்டதால் வந்தது சார், வாரண்டியில் வராது" என்றார்கள். அது உண்மைதானா என்று கம்ப்யூட்டரின் உதவியுடன் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை இங்கே பார்ப்போம்.

கோட்டிங் என்றால் என்ன?

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இதைக் குறைக்க மெக்னீசியம் ஃப்ளோரைடு போன்ற பொருளை ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமனில் பூசுகிறார்கள். கேமரா, பைனாகுலர் எல்லாவற்றிலும் இது உண்டு.

ஹைட்ரஜன் ஆல்ஃபா வகை சோலார் டெலஸ்கோப்பில் வேலை இன்னும் நுணுக்கமானது. 656.28 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும், 0.1 நானோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் விட வேண்டும். இதற்காகப் பல ஃபில்டர்கள் உள்ளே இருக்கும். சில ஃபில்டர்களில் மெல்லிய வெள்ளிப் படலம் உண்டு. ஓரத்தில் ஈரம் புகுந்தால் வெள்ளி கெட்டு, சேதம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பரவும். 2000களில் பரவலாக விற்ற கொரோனாடோ பிஎஸ்டி என்ற 40 மி.மீ. டெலஸ்கோப்பில், முன் லென்ஸ் கோட்டிங் துருப்பிடித்தது போல மாறுவது பல நாடுகளில் பேசப்பட்ட பழுது.

பழுது எங்கே? மூன்று சோதனைகள்

1. டெலஸ்கோப்பைச் சூரியனிடமிருந்து திருப்பி வைத்துவிட்டு, முன் லென்ஸின் மேல் டார்ச் ஒளியைச் சாய்வாக அடிக்கவும். வெளிப்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் என்றால் உப்பு. சிலந்தி வலை போன்ற இழைகள் என்றால் பூஞ்சை. விளிம்பிலிருந்து நிறம் மாறிய திட்டுகள் என்றால் கோட்டிங் கெடுகிறது.

2. கேமராவை ஐபீஸ் இடத்தில் பொருத்திப் படம் எடுக்கவும். பிறகு கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி மீண்டும் எடுக்கவும். திட்டு ஃபிரேமில் அதே இடத்தில் இருந்தால் அது கேமரா சென்சாரில் உள்ள தூசு. இடம் மாறினால் பழுது டெலஸ்கோப்பில். முன் லென்ஸில் உள்ள குறை இப்படித் திட்டாகத் தெரியாது, படம் முழுவதும் வெளிறும். திட்டாகத் தெரிந்தால், குவியத்துக்கு அருகில் உள்ள ஃபில்டரைச் சந்தேகிக்கவும்.

3. பழைய படங்களைத் தேதி வாரியாக ஒப்பிடவும். இர்ஃபான்வியூவில் படத்தைத் திறந்து ஐ கீயை அழுத்தினால் விவரங்கள் வரும். அதில் எக்ஸிஃப் பட்டனை க்ளிக் செய்தால் படம் எடுத்த தேதி தெரியும். காப்பி செய்யும்போது ஃபைலின் தேதி மாறலாம், எக்ஸிஃப் தேதி மாறாது. எனவே ஒரிஜினல் ஃபைல்களை அழிக்காதீர்கள்.

இந்த மூன்றாவது சோதனைதான் எனக்குக் கைகொடுத்தது. நான் முதல்முறை கடற்கரைக்குப் போனது ஐந்தாவது மாதம். ஆனால் மூன்றாவது மாதம் வீட்டு மொட்டை மாடியில் எடுத்த படத்திலேயே அதே இடத்தில் லேசான திட்டு இருந்தது!

வாரண்டி கேட்கும் முறை

போனில் பேசுவதோடு நிறுத்தாமல் ஈமெயில் அனுப்பவும். பில், சீரியல் நம்பர், தேதியுள்ள படங்கள், செய்த சோதனைகள் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். நீங்களே ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள்; அதையே காரணம் காட்டி மறுக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், ரிப்பேருக்காகச் செல்கிறது, திரும்பி வரும் என்று சீரியல் நம்பருடன் எழுதி அனுப்பவும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம்.

எனக்கு ஃபில்டரை இலவசமாக மாற்றித் தந்தார்கள். பதினொரு வாரம் ஆயிற்று. ஆனால் முன் லென்ஸில் இருந்த கீறல்களை ஏற்கவில்லை. அது நியாயம்தான். உப்புத்துகள் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தவன் நான்தானே!

வராமல் தடுக்க

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்புக்காற்று அரிக்கிறது. அதைத் தடுக்கத் தொல்லியல் துறை சவுக்கு மரங்கள் நட்டிருக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் 100 நானோமீட்டர் பூச்சு எம்மாத்திரம்?

* வீடு திரும்பியதும் முதலில் ரப்பர் பல்பால் ஊதவும். துடைப்பது கடைசி வேலை.
* காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கவும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும்.
* மாதம் ஒருமுறை அதே செட்டிங்கில் ஒரு படம் எடுத்து, தனி ஃபோல்டரில் சேமிக்கவும். வாரண்டிக்கு அதுவே சாட்சி.

முக்கிய எச்சரிக்கை: ஃபில்டரில் விரிசலோ, ஓட்டையோ, உரிந்த இடமோ தெரிந்தால் அதன் வழியே சூரியனை ஒரு விநாடிகூடப் பார்க்காதீர்கள். ஃபில்டரை மாற்றிக்கொள்ளலாம், கண்ணை மாற்ற முடியாது.