ஏழு பேர் வண்டி கவிழுமா?

ஏழு பேர் உட்காரும் சின்ன எம்பிவி ஒன்று வாங்கலாம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். ‘அதுவா? வேன் மாதிரி வண்டிப்பா. மலையில ஏத்துனா திருப்பத்துக்குத் திருப்பம் ஆடும், ஒருநாள் கவுத்துடும். நல்ல வெயிட்டான எஸ்யூவியா பாத்து எடு, அதுதான் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்’ என்று அறிவுரை ஓடி வருகிறது. கல்யாணப் பந்தியில், பஞ்சர் கடை பெஞ்சில், அலுவலக டீ நேரத்தில், எங்கும் இதே பல்லவிதான். இந்த வகையில் எர்டிகா 2012 முதல் நம் சாலைகளில் ஓடுகிறது. ட்ரைபர் 2019 முதல் ஒரகடத்திலேயே தயாராகிறது. காரென்ஸ் 2022-ல் வந்தது. இவ்வளவு வண்டிகள் கண்ணெதிரே மலை ஏறி இறங்கியும் வதந்தி மட்டும் இறங்க மறுக்கிறது. அரைகுறை உண்மையாக இருந்தால்கூட விட்டுவிடலாம். இது இயற்பியலுக்கே எதிரான பேச்சு.

வளைவில் ஒரு வண்டி கவிழுமா என்பதை முடிவு செய்பவை முக்கியமாக இரண்டு அளவுகள்: இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், தரையிலிருந்து புவியீர்ப்பு மையத்தின் உயரம். ஓடும் பேருந்தில் காலை அகட்டிக் குனிந்து நிற்பவர் சாய்வதில்லை, கால்களைச் சேர்த்து விறைத்து நிற்பவர் சாய்கிறார். அதே கணக்குதான். சக்கர அகலத்தில் பாதியை அந்த உயரத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் அபாயத்தை மதிப்பிடுகிறது. எண் பெரிதானால் வண்டி நிலையானது. சாதாரணக் கார்களுக்கு 1.30 முதல் 1.50 வரை வரும். எஸ்யூவி, பிக்கப், வேன் மூன்றுக்கும் 1.00 முதல் 1.30 வரை. எஸ்யூவியும் வேனும் ஒரே வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று கவிழும், இன்னொன்று கவ்வும் என்ற கதைக்கு அங்கே இடமே இல்லை. நம்மூரில் ‘கெட்டி வண்டி’ என்று பெயரெடுத்த பொலிரோவின் அகலம் 1,745 மி.மீ., உயரம் 1,880 மி.மீ. எர்டிகாவின் அகலம் 1,735, உயரம் 1,690. அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், உயரத்தில் பத்தொன்பது. போதாததற்கு, பொலிரோவின் பாடி தனிச் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எர்டிகாவில் தரையும் பாடியும் ஒரே கூடாக, தாழ்வாக அமைந்தவை. எதன் எடை மேலே இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, மலைப்பாதைக்கே போவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி கொண்டை ஊசி வளைவின் உள்ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அந்த ஆரத்தில் திரும்பும்போது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் கால் பங்குகூட இல்லை. நம் எம்பிவியின் எண் வெறும் 1.1 என்று வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொள்வோம். உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப, எடையைப் போல 1.1 மடங்கு விசை வேண்டும். அதற்கு அதே வளைவில் 44 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு எடையில் 0.8 பங்கு என்று கொண்டால், 38 கிலோமீட்டரிலேயே டயர் வழுக்கத் தொடங்கிவிடும். அதாவது சமதளமான சாலையில் வண்டி சறுக்குமே தவிர உருளாது. மழையில் பிடிப்பு இன்னும் குறைவதால் இன்னும் முன்னதாகவே சறுக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 40-ல் திருப்புகிறவர் இருந்தால், அவருக்கு வேறு வண்டி தேவையில்லை, வேறு டிரைவர்தான் தேவை.

‘வெயிட் இருந்தால் கவ்விப் பிடிக்கும்’ என்ற அடுத்த பாதியும் பொய்தான். எடை கூடினால் டயரின் பிடிப்பு கூடும் என்பது சரி. வளைவில் வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கூட்டல் கழித்தலில் எடை அடிபட்டுப் போகிறது. உண்மையில் டயர் மீது சுமை ஏற ஏற, ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு சற்றுக் குறையவே செய்யும். இறக்கத்திலோ கனமான வண்டியின் பாடு இன்னும் மோசம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையில் பயப்பட வேண்டியது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதற்குத்தான். எடை இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமும் இரட்டிப்பாகும். இரண்டாம் கியரில் எஞ்சினை விட்டு இழுத்துப் பிடித்து இறங்குபவருக்கு எர்டிகாவும் ஒன்றுதான், இரண்டரை டன் எஸ்யூவியும் ஒன்றுதான். பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு இலகுவான வண்டியே மேல்.

அப்படியானால் ஆடுவதுபோல் தோன்றுவது ஏன்? சாய்வதும் கவிழ்வதும் ஒன்றல்ல. மென்மையான ஸ்பிரிங் உள்ள வண்டி வளைவில் கண்ணுக்குத் தெரியச் சாயும். நான்கு டயரும் தரையில் அழுந்தித்தான் இருக்கும். இந்த வண்டிகளின் பின் ஸ்பிரிங், ஏழு பேரும் ஏறிய சுமையை மனதில் வைத்து அமைக்கப்படுகிறது. தனியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், ஆள் ஏறினால் அடங்கும். மூன்றாம் வரிசையோ கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு திருப்பமும் அங்கே உட்கார்ந்தவரின் வயிற்றில்தான் முதலில் தெரியும். வாந்தி எடுத்துக்கொண்டே ஏற்காடு போய் வந்தவர் ‘வண்டி கவுந்துடும்போல இருந்துச்சு’ என்று சொல்வது இயல்பு. அவர் சொன்னது அவருடைய சீட்டைப் பற்றி, வண்டியைப் பற்றி அல்ல. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குக் கிடைக்கும் அனுபவமே வேறு. ஸ்டியரிங் நகரத்தில் விரல் நுனிக்கு அடங்கும். வளைவில் முதல் திருப்பலுக்கு மூக்கு சற்று நிதானமாகவே திரும்பும், திரும்பிய பிறகு ஒரே சீராகப் போகும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே எர்டிகாவில் 2,740 மி.மீ., கிரெட்டா எஸ்யூவியில் 2,610. பைபாஸில் நேர்கோட்டில் அலுங்காமல் போவதற்கு அந்த நீளம் உதவுகிறது.

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1984 முதல் 2019 வரை விற்ற ஆம்னி வேனின் அகலம் 1,410 மி.மீ., உயரம் 1,640. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், சக்கரங்கள் 12 அங்குலம். பக்கத்தில் பேருந்து கடந்தால் அது தள்ளாடியது உண்மைதான். எர்டிகா அதைவிட ஓர் அடிக்கு மேல் அகலம், இரண்டு அங்குலம்தான் உயரம். ஆம்னியின் குற்றத்துக்கு இதைத் தண்டிப்பது என்ன நியாயம்?

‘கவிழ்ந்து கிடக்கும் படங்கள் வாட்ஸப்பில் வருகின்றனவே’ என்பார்கள். வருகின்றன, எஸ்யூவி படங்களும்தான். அதே அமெரிக்க நிர்வாகத்தின் கணக்கில், தனி வண்டி கவிழும் விபத்துகளில் 95 சதவீதம் எதிலாவது இடறியதால் நிகழ்பவை. நம்மூரில் இடற வைப்பது எது என்று தேடவே வேண்டாம். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். இடது சக்கரங்கள் அதில் இறங்குகின்றன. பதறிய டிரைவர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று வலப்பக்கம் இழுக்கிறார். டயரின் பக்கச்சுவர் தார் விளிம்பில் முட்டி, பிறகு சட்டென்று ஏறுகிறது. அப்போது எந்த வண்டியும் கவிழக்கூடும். அங்கே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, மண்ணிலேயே நேராக வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். காற்றடித்தால் வண்டி தள்ளாடும் என்ற புகாரில் மட்டும் உண்மை இருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பல்லடம், உடுமலை சாலைகளிலும் தென்மேற்குப் பருவக் காற்றில் உயரமான, இலகுவான வண்டி பக்கவாட்டில் நகரும். வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது. விபத்துச் சோதனையை இதோடு குழப்பாதீர்கள். 2024-ல் குளோபல் என்கேப் எர்டிகாவுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரே நட்சத்திரம் தந்தது கவலைக்குரியது, வாங்குபவர் யோசிக்க வேண்டியது. ஆனால் அது மோதிய பிறகு கூடு தாங்குமா என்ற கேள்விக்கான விடை. திரும்பும்போது கவிழுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ‘பெட்ரோல் எஞ்சின் ஏழு பேரை இழுக்காது’: இழுக்கும், கியரைக் குறைத்தால். எர்டிகாவின் முழு இழுவிசையான 137 நியூட்டன் மீட்டர் 4,400 சுழற்சியில்தான் வருகிறது. மூன்றாம் கியரில் திணறவிட்டு எஞ்சினைத் திட்டாதீர்கள். ‘சந்தில் திரும்பாது’: அதன் திருப்பு ஆரம் 5.2 மீட்டர், தெருவில் நிற்கும் பல எஸ்யூவிகளுக்குச் சளைத்ததல்ல. ‘இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மைலேஜ்’: கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் எரிகிறது. ‘நைட்ரஜன் நிரப்பினால் டயரை மறந்துவிடலாம்’: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் என்றதும் உண்மையான குற்றவாளிகளுக்கு வந்துவிட்டோம்: கூரைச் சுமை, டயர் காற்று. எர்டிகாவின் மொத்த எடை வரம்பு 1,785 கிலோ, சுமக்கக்கூடியது ஏறத்தாழ 600 கிலோ. 70 கிலோவுக்கு ஏழு பேர் என்றால் 490 போய்விட்டது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 209 லிட்டர்தான் இடம். உடனே கூரையில் கேரியர் போட்டு 75 கிலோ மூட்டையைக் கட்டுகிறார்கள். கீழே இருக்க வேண்டிய எடை தலைக்கு மேல் ஏறுகிறது. அந்த ஒரு காரியம் புவியீர்ப்பு மையத்தைச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்திவிடும். தொழிற்சாலை கொடுத்த நிலைப்பை நாமே கயிறு கட்டிக் கெடுத்துவிட்டு, வண்டி ஆடுகிறது என்கிறோம். அதைவிடப் பெரிய பாவம் டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில பேர் போகும்போது எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பெட்ரோல் பங்க் பையன் ‘எவ்ளோ சார்?’ என்று கேட்டால் ‘எப்பவும் போடுறது போடுப்பா’ என்கிறோம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைவில் மடங்குகிறது, ஸ்டியரிங் சொல்வதைத் தாமதமாகக் கேட்கிறது, முழுச் சுமையோடு பைபாஸில் சூடேறி வெடிக்கிறது. ஊர் ‘ஆட்டம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

ஆகவே எம்பிவி வாங்குபவர் யோசனை கேட்டால் நான் சொல்வது மூன்று: கேரியரைக் கழற்றிப் போடுங்கள், கனமான பையைப் பின்சீட்டுக்கு ஒட்டிக் கீழே வையுங்கள், மலை ஏறுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது முழுச் சுமைக்கான காற்றை ஸ்டிக்கரைப் பார்த்து நிரப்புங்கள். ஐந்து நிமிட வேலை, பல பங்க்குகளில் இலவசம். இதைச் செய்யாமல் கவிழும் என்று புரளி கிளப்புகிறவர், எந்த வண்டியை வாங்கினாலும் அதைக் கவிழ்க்க வழி தேடிக்கொள்வார்.