சுறாவும் குளியாளும்: முத்துத் தோணியில் ஒரு நாள்



பனியன் கம்பெனி ஊரில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்த தண்ணீர் நொய்யல். அதில் சுறா என்ன, ஒரு கெண்டைமீன் துள்ளினாலே பாலத்தில் கூட்டம் கூடிவிடும். ஆனாலும் ஒரு காரணத்தோடுதான் இந்தத் தலைப்பை எடுத்தேன். காரணம் போகப் போகத் தெரியும்.

வெளிநாட்டில் சுறாவைப் பார்ப்பதற்கென்றே படகு விடுகிறார்கள். 1963 டிசம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராட்னி ஃபாக்ஸ் என்பவர் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் கலந்துகொண்டபோது பெரிய வெள்ளைச் சுறா அவரைக் கடித்தது. உடம்பில் 400-க்கும் மேல் தையல் போட்டுப் பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. அதே சுறாவைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு இரும்புக் கூண்டு செய்தார். (நாமாக இருந்தால் கடல் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்க மாட்டோம்.) பின்னாளில் அது தொழிலாகவே வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் கான்ஸ்பாய் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. பக்கத்தில் இருக்கும் தீவுக்கு டையர் தீவு என்று பெயர்! நம்ம ஊர் ஆள் யாரும் போய்ப் பெயர் வைக்கவில்லை. அது டையர் என்ற ஒருவரின் பெயர்.

அந்தப் படகின் அன்றாடம் இப்படித்தான். காலையில் கிளம்பி, நங்கூரம் போட்டு, மீன் எண்ணெயும் மீன் கூழும் கலந்த தண்ணீரைக் கடலில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வாசனை பிடித்துச் சுறா வரும். துத்தநாகம் பூசிய இரும்புக் கூண்டு படகின் ஓரத்தில் கட்டியிருக்கும், அதன் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும். குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு மாட்டியவர்கள் உள்ளே நிற்பார்கள். மேலே நிற்பவர் கயிற்றில் மீன் தலையைக் கட்டி இழுத்துக்கொண்டே "கீழே!" என்று கத்துவார். எல்லோரும் மூச்சைப் பிடித்து முங்கிப் பார்க்க வேண்டும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பும் வாந்தியும்தான். 2017 முதல் கொலைகாரத் திமிங்கலங்கள் அங்கே வெள்ளைச் சுறாக்களையே வேட்டையாட ஆரம்பித்துவிட்டன. சுறாக்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டதால் கூண்டுப் படகுக்காரர்கள் வேறு வகைச் சுறாவைக் காட்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்ம தூத்துக்குடிக் கடலில் பல நூறு வருடமாக முத்துக்குளித்தார்களே, அவர்களுக்குக் கூண்டு ஏது?

கூண்டு இல்லை. ஒரு கல், ஒரு கயிறு, ஒரு பை. அவ்வளவுதான்.

முத்துச் சிப்பி கிடக்கும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து பல மைல் தள்ளி, 5 முதல் 10 பாகம் ஆழத்தில் இருக்கும். 10 பாகம் என்றால் சுமார் 18 மீட்டர். காற்று அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் சீசன். நடுச்சாமம் தாண்டிக் கரைக்காற்று எழும்போது தோணிகள் பாய் விரிக்கும். விடியும்போது பாரில் இருக்கும். மத்தியானம் வரைக்கும் குளிப்பு, அப்புறம் கடல்காற்று பிடித்துக் கரைக்குத் திரும்பல். போகவும் வரவும் காற்றே கூலி இல்லாமல் இழுத்துப் போகிற ஏற்பாடு.

1800-ஐ ஒட்டி எழுதியவர்கள் கொடுக்கும் கணக்குப்படி ஒரு தோணியில் 23 பேர். தலைவர் தண்டல். குளியாட்கள் 10 பேர். மீதி 12 பேர் தோணியைப் பார்ப்பவர்களும் கயிறு பிடிப்பவர்களும். 10 குளியாட்களுக்குக் கல் 5 மட்டுமே. ஐந்து பேர் கீழே இருக்கும்போது ஐந்து பேர் மேலே மூச்சு வாங்குவார்கள். ஷிப்டு முறை அப்போதே இருந்திருக்கிறது, பாருங்கள்.

கல்லின் எடை சுமார் 15 கிலோ. கருங்கல்லின் அடர்த்தி 2.7 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கடல் தண்ணீருக்குள் அது 9 கிலோ போலத்தான் இருக்கும். அது போதும். கல்லில் கட்டிய வளையத்தில் கால் வைத்து, மூச்சை இழுத்து, கயிற்றை விட்டால் கை கால் அசைக்காமல் கீழே போய்விடலாம். நீந்திப் போனால் பாதி மூச்சு வழியிலேயே செலவாகிவிடும். அடியில் இறங்கியதும் காலை எடுத்துவிடுவார், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாள் சிப்பியைப் பொறுக்கிக் கயிற்றுவலைப் பையில் போடுவார். 60 விநாடி, மிஞ்சிப்போனால் 90 விநாடி. கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு 40, 50 முழுக்கு.

பாயில் விதி எல்லோரும் படித்திருக்கிறோம். 18 மீட்டரில் அழுத்தம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. மேலே 6 லிட்டர் காற்று இழுத்த நெஞ்சு அங்கே 2 லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். காதுச்சவ்வு கிழிந்து ரத்தம் வருவதும் உண்டு. அந்த நிலையில்தான் கண்ணை முழித்துக்கொண்டு சிப்பி பொறுக்க வேண்டும். நாம் லேபில் மானோமீட்டர் பார்க்கவே சலித்துக்கொள்கிறோம்.

சரி, சுறா? அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். அவருக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பிக்கை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. மந்திரம் அந்த ஒரு பகலுக்கு மட்டும்தான் செல்லும், ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள். ராத்திரி சுறாவுக்கு வாய் திறந்துவிட்டால் திருட்டுத்தனமாக யாரும் இறங்க மாட்டான் அல்லவா! எனக்கு இது மந்திரத்தை விடப் பெரிய நிர்வாகமாகத் தெரிகிறது.

இலங்கையில் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளியிட்ட நூலிலும் கடல்கட்டி வருகிறார். அப்போது பரம்பரைத் தலைவராக இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். டெனன்ட் போன அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள், எனக்கு மந்திரம் தெரியாது, ஆனால் அவருடைய பிரதிநிதியாக நான் நிற்பதே சுறாவுக்குப் போதும் என்றாராம்! நாம் சிரிக்கலாம். ஆனால் கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்ததால் அரசாங்கமே அவரை வைத்துக் கூலி கொடுத்தது. பயம் போனால்தான் மூச்சு நிற்கும். அத்தனை தோணிகளின் சத்தத்துக்கே சுறா விலகிப் போயிருக்கும் என்றும் சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், குளியாளின் உண்மையான கூண்டு கயிறு பிடித்தவர்தான். அந்த வேலையை மனைவியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பார்கள் என்று அந்தக் கரையில் சொல்வதுண்டு. கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவனுடைய சொந்த அக்காவோ தங்கையோ அல்லவா? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்று நம்ம பக்கம் சொல்வது போலத்தான். மற்றவர்கள் வெயிலுக்குக் கண் சொருகலாம், அவர் சொருக முடியாது.

கரைக்கு வந்ததும் பங்கு. இலங்கைப் பக்கம் குளியாட்களே சிப்பியை மூன்று சமக் குவியலாக்குவார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரி கைகாட்டுவார், மற்ற இரண்டும் அரசுக்கு. குவியலைக் கூட்டிக் குறைத்து ஏமாற்ற வழியில்லை. ஆனால் உயிரைக் கொடுத்துக் குளித்தவனுக்கு மூன்றில் ஒன்றா என்ற கேள்வியை நான் விட்டுவிட மாட்டேன்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை வரிசையாக நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. அதற்கப்புறம் பாரில் சிப்பி சேரவில்லை. சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. அதிலும் முறை மாறிவிட்டது. கல்லும் மூச்சும் போய், படகில் கம்ப்ரசர் வைத்துக் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு குளிக்கிறார்கள். நம் கம்பெனியில் மிசினில் ஒட்டிய பஞ்சை ஊதித் தள்ளுவோமே, அதே சாதிக் கம்ப்ரசர்தான். அதன் காற்றில் எண்ணெய் ஆவி வரும். பக்கத்தில் இன்ஜின் புகை இருந்தால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். அதோடு, மணிக்கணக்காக ஆழத்தில் இருந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழி கிளம்பி மூட்டுவலி, பக்கவாதம், சாவு வரைக்கும் போகும். முன்பு வேகமாக இழுத்த மச்சான் உயிரைக் காப்பாற்றினார். இன்று அதே வேகத்தில் இழுத்தால் ஆளை முடக்கிவிடலாம். மேலே நிற்பவருக்கும் கடிகாரமும் கணக்கும் தெரிய வேண்டிய காலம் இது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறை வேலை. தொட்டி கழுவ இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தியை நம்ம வட்டாரத்தில் எத்தனையோ தடவை படித்துவிட்டோம். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் 36-ஆவது பிரிவில் எழுதி வைத்தது இது: தொட்டிக்குள் விஷவாயு இல்லை என்று தகுதியானவர் சோதித்து எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பு வாரும் போட்டு, வாரில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அப்படியே முத்துத் தோணி! அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கயித்தையே நான் கண்ணுல பாத்ததில்லியே சாமி" என்றார்.

ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்து நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவர் அங்கேயே விழுவார். அவரைத் தூக்கப் பதறி இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அதே மாதிரி விழுவார்கள். செய்தியில் எப்போதும் இரண்டு மூன்று பேராக இருப்பது அதனால்தான். கயிறு கட்டியிருந்தால் யாரும் இறங்காமலே மேலிருந்து இழுத்துவிடலாம்.